சிங்கப்பூருக்குக் குடிபெயரும் முன் செலவுக் கணக்குப் போடுவது எப்படி?

சிங்கப்பூரிலிருந்து வேலைக் கடிதம் வந்ததும் வீட்டில் முதலில் நடப்பது ஒரு பெருக்கல். மாதம் 6,500 வெள்ளி சம்பளம், ஒரு வெள்ளிக்கு 66 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 4 லட்சத்து 29 ஆயிரம் ரூபாய். சென்னையில் ஒன்றரை லட்சம் வாங்குகிற ஒருவருக்கு இது மூன்று மடங்குக்கு நெருங்கிய உயர்வாகத் தெரியும். சொந்தக்காரர்களிடம் சொல்லியும் ஆகிவிடும். பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் அதைச் செய்ய வேண்டிய இடம் கணக்கின் கடைசி வரி. அங்கே சம்பளம் வெள்ளியில் வரும், செலவும் வெள்ளியிலேயே போகும். மாதக் கடைசியில் மிஞ்சுகிற தொகை மட்டுமே என்றாவது ரூபாயாக மாறப்போகிறது. ஆகவே செலவை வெள்ளியிலேயே போட்டுப் பார்த்து, மிச்சத்தை மட்டும் ரூபாயாக்குவதுதான் சரியான முறை.

சிங்கப்பூர் டாலரை அங்குள்ள தமிழர் வெள்ளி என்றும் சென்ட்டைக் காசு என்றும் சொல்வர். இந்தக் கட்டுரையிலும் அப்படியே வருகிறது. இதில் உள்ள விலைகள் அண்மை ஆண்டுகளின் பொதுவான அளவைக் காட்டுபவை. நீங்கள் கணக்குப் போடும் நாளில் அவற்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் இங்குள்ள கணக்கை எழுதுங்கள்

எதிர்பார்ப்புக்கு மாறாக, வேலை சிங்கப்பூர் விலைகளில் தொடங்குவதில்லை. கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கு, கிரெடிட் கார்டு அறிக்கை, யுபிஐ பட்டியல் ஆகியவற்றை எடுத்து, இப்போது உங்கள் வீடு எதற்கு எவ்வளவு செலவழிக்கிறது என்பதை வரிவரியாக எழுத வேண்டும். பண்டிகை மாதத்தையும் பள்ளிக் கட்டணம் கட்டிய மாதத்தையும் தவிர்க்காமல், ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவுகளைப் பன்னிரண்டால் வகுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதன்பின், பணமாகக் கொடுக்காமல் இங்கே கிடைத்துக்கொண்டிருப்பவற்றைத் தனியே ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலோர் விட்டுவிடும் பகுதி இதுதான். சொந்த வீட்டில் இருப்பவருக்கு வாடகை என்ற வரியே இருக்காது. குழந்தையைப் பாட்டி பார்த்துக்கொண்டால் காப்பகக் கட்டணம் இருக்காது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். காய்கறி வாங்கினால் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் சும்மா வரும். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும், தெருமுனையில் துணி தேய்ப்பவருக்கும் நாம் கொடுக்கும் தொகையில் சிங்கப்பூரில் யாரும் அந்த வேலைகளைச் செய்ய மாட்டார்கள். வீட்டோடு தங்கும் பணிப்பெண்ணை வைத்துக்கொள்ள நினைத்தால், அவருடைய சம்பளம் போக, வெளிநாட்டவர் குடும்பம் அரசுக்கு மாதம் 300 வெள்ளி தீர்வையாகவே கட்ட வேண்டியிருக்கும்.

மூன்றாவதாக, நீங்கள் போன பிறகும் இங்கே ரூபாயில் ஓடிக்கொண்டிருக்கும் செலவுகள்: வீட்டுக் கடன் தவணை, பெற்றோருக்கு அனுப்பும் பணம், பூட்டிய வீட்டின் பராமரிப்பு, ஆயுள் காப்பீட்டு பிரீமியம். இவற்றோடு ஒரு புதுச் செலவும் சேரும். உங்கள் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் பெற்றோர் இருந்தால், நீங்கள் ராஜினாமா செய்ததும் அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடும். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குத் தனியே மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது பிரீமியம் எவ்வளவு என்பதை வேலைக் கடிதத்தில் கையெழுத்திடும் முன்பே விசாரித்துவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு என்பதால், வேலையை விட்ட பிறகு தேடத் தொடங்கினால் தாமதமாகிவிடும்.

கைக்கு வருவது எவ்வளவு?

சிங்கப்பூரில் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் வருமான வரியைப் பிடிப்பதில்லை. எனவே முதல் ஆண்டில் முழுத் தொகையும் கைக்கு வரும், அதெல்லாம் நம்முடையதே என்ற எண்ணமும் வரும். அடுத்த ஆண்டு மார்ச் 1 முதல் ஏப்ரல் 18-க்குள் மின்வழியில் கணக்குத் தாக்கல் செய்த பிறகு வரி அறிவிப்பு வரும். வங்கிக் கணக்கிலிருந்து வட்டியில்லாமல் பன்னிரண்டு தவணைகளில் கட்டும் வசதி உண்டு. ஆயினும் முதல் மாதத்திலிருந்தே வரித் தொகையைத் தனியே ஒதுக்கி வைப்பது நல்லது.

வரி விகிதம் நமக்குப் பழகியதைவிட மிகக் குறைவு. ஆண்டு வருமானத்தில் முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை. அடுத்த 10,000-க்கு 2 சதவீதம், அதற்கடுத்த 10,000-க்கு 3.5 சதவீதம், அதற்கும் அடுத்த 40,000-க்கு 7 சதவீதம். மாதம் 6,500 வெள்ளி, அதாவது ஆண்டுக்கு 78,000 வாங்கும் தனி ஆளுக்கு, 1,000 வெள்ளி உழைப்பு வருமானக் கழிவு போக, ஆண்டு வரி சுமார் 3,140 வெள்ளி வரும். மாதத்துக்கு 260 வெள்ளி. இது வரி நோக்கில் அங்கு வசிப்பவராகக் கருதப்படுவோருக்கான கணக்கு. 183 நாளுக்குக் குறைவாக வேலை செய்து திரும்பிவிடுவோருக்கு, 15 சதவீதத் தட்டையான விகிதம், வசிப்போர் விகிதம் ஆகிய இரண்டில் எது அதிகமோ அது பொருந்தும்.

இன்னொரு பிடித்தமும் அங்கே இல்லை. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கட்டும் மத்திய சேம நிதி வெளிநாட்டுத் தொழிலாளருக்குப் பொருந்தாது. சம்பளம் முழுதாக வருவதைச் சிலர் லாபமாக எண்ணுவர். ஆனால் இங்கே வருங்கால வைப்பு நிதிக்கு நீங்கள் கட்டும் 12 சதவீதத்தோடு நிறுவனமும் தன் பங்கைக் கட்டிக்கொண்டிருந்தது. ஓய்வுக்காலச் சேமிப்பு தானாக நடந்துவந்தது. அங்கே அதை நீங்களே செய்ய வேண்டும், நிறுவனத்தின் பங்கும் கிடையாது. ஆகவே இரண்டு நாட்டு மிச்சத்தையும் ஒப்பிடும்போது, இங்குள்ள மிச்சத்தில் வைப்பு நிதியின் இரண்டு பங்குகளையும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் ஒப்பீடு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். இப்போதைய வேலையில் ஐந்து ஆண்டு நிறைவதற்குச் சில மாதங்களே இருந்தால், பணிக்கொடை (கிராச்சுவிட்டி) கைவிட்டுப் போவதையும் கணக்கில் எடுங்கள். சேரும் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்பதில் தவறில்லை.

வாடகை: பாதிக் கணக்கு இங்கேயே முடிந்துவிடும்

சிங்கப்பூர்ச் செலவில் பாதியைத் தீர்மானிப்பது வாடகை. மற்ற வரிகளில் இரண்டு வெள்ளி மூன்று வெள்ளி என்று அலசிக்கொண்டிருப்பதைவிட, இந்த ஒரு வரியில் இரண்டு நாள் செலவிடுவது மேல்.

வீட்டு விளம்பரங்களைப் படிக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே '3 அறை வீடு' என்றால் கூடத்தையும் சேர்த்து மூன்று. படுக்கையறை இரண்டுதான். '4 அறை' என்றால் மூன்று படுக்கையறை. இது தெரியாமல் சென்னையின் மூன்று படுக்கையறை வீட்டோடு அங்குள்ள 3 அறை வீட்டை ஒப்பிடுவோர் பலர். அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளை வீவக வீடுகள் என்பர். நாட்டு மக்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் குடியிருப்பது இவற்றில்தான், புதிதாக வருவோருக்குக் கட்டுப்படியாவதும் இவையே. ஒரு முழு 3 அறை வீட்டுக்கு 2,500 முதல் 3,000 வெள்ளி, 4 அறை வீட்டுக்கு 3,000-க்கு மேல் என்பது பொதுவான அளவு. குவீன்ஸ்டவுன், தோ பாயோ போன்ற நகரை ஒட்டிய பகுதிகளில் கூடும், உட்லண்ட்ஸ், ஈசூன், ஜூரோங் வெஸ்ட் போன்ற இடங்களில் குறையும். வீவக வீட்டில் ஓர் அறை மட்டும் எடுத்தால் 800 முதல் 1,200 வெள்ளி. உள்ளேயே குளியலறை கொண்ட பெரிய அறைக்கு அதற்கு மேல்.

விளம்பரத்தில் உள்ள தொகை வீட்டுக்காரர் கேட்கும் தொகை, முடிவான வாடகை ஆகாது. வீவக ஒவ்வொரு காலாண்டும் நகர் வாரியாகவும் வீட்டு வகை வாரியாகவும் இடைநிலை வாடகையை வெளியிடுகிறது. தனியார் குடியிருப்புகளுக்கு நகரச் சீரமைப்பு ஆணையம், பதிவான ஒப்பந்தங்களின் வாடகையை வெளியிடுகிறது. இரண்டையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கணக்கில் இந்த எண்ணையே போடுங்கள்.

அறை எடுத்துத் தங்கப்போகிறவர்கள் விளம்பரத்தின் அடியில் இருக்கும் சிறு வரிகளைக் கவனிக்க வேண்டும். 'சமையல் கிடையாது' என்றால் மூன்று வேளையும் வெளியே சாப்பிட வேண்டும். 'லேசான சமையல்' என்றால் பெரும்பாலும் நூடுல்ஸ் கொதிக்கவைக்கலாம், தாளிக்கக் கூடாது என்று பொருள். சாம்பார் வைக்க நினைப்பவர் இதை முதலிலேயே தெளிவாகக் கேட்டுவிட வேண்டும். ஏசி இரவில் மட்டும், துணி துவைப்பது வாரத்துக்கு இரண்டு முறை, விருந்தினர் தங்கக் கூடாது என்பனவெல்லாம் வழக்கமான நிபந்தனைகள். 'பியூபி சேர்த்து' என்று எழுதியிருந்தால் தண்ணீர், மின்சாரக் கட்டணம் வாடகைக்குள் அடக்கம். 900 வெள்ளி அறையில் சமைக்க முடியாமல் மாதம் 250 வெள்ளி கூடுதலாகச் சாப்பாட்டுக்குப் போனால், 1,050 வெள்ளிக்குச் சமையலோடு கிடைக்கும் அறையே மலிவு.

முழு வீடு எடுப்போருக்கு வேறு சில விவரங்கள். வீவக வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைந்து வாடகைக்கு விட முடியாது, தனியார் வீடு என்றால் மூன்று மாதம். மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு முழு வீவக வீடு விடுவதற்கு ஒரு வரம்பு உண்டு: வட்டாரத்தில் 8 சதவீதம், அடுக்குமாடிக் கட்டடத்தில் 11 சதவீதம். அது நிறைந்துவிட்டால் வீட்டுக்காரர் விரும்பினாலும் உங்களுக்கு விட முடியாது. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகையும், ஈராண்டு ஒப்பந்தத்துக்கு இரண்டு மாத வாடகையும் முன்பணமாக வாங்குவது வழக்கம். சென்னையில் பல மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது சிறியதாகத் தோன்றலாம். ஆனால் தொகை பெரிது. ஒப்பந்தத்துக்கான முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 சதவீதம், அதைக் குடியிருப்பவரே கட்ட வேண்டும். ஏசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்வதும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் குடியிருப்பவர் தலையில்தான். ஈராண்டு ஒப்பந்தம் என்றால், வேலை போய் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தால் இடையில் முறித்துக்கொள்ள வகைசெய்யும் விதி இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டவர் ஒருவர் அந்த விதி இல்லாமல் கையெழுத்திடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வீட்டைப் பார்க்கும் முன் முன்பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். முகவர்களின் பெயரும் கைபேசி எண்ணும் பொதுப் பதிவேட்டில் இருக்கும், சரிபார்த்துக்கொள்ளலாம்.

மளிகையும் சாப்பாடும்

இணையத்தில் கிடைக்கும் ஆயத்த விலைப் பட்டியல்களில் ரொட்டி, சீஸ், ஒயின் என்றிருக்கும். நம் வீட்டுக்கு அவை பயன்படா. உங்கள் வீட்டு மளிகைச் சீட்டை எடுத்து, அடிக்கடி வாங்கும் முப்பது பொருள்களை, மாதத்துக்கு எத்தனை கிலோ, எத்தனை லிட்டர் என்ற அளவோடு எழுதுங்கள். அங்குள்ள பேரங்காடிகளின் இணையதளங்களில் ஒவ்வொன்றின் விலையையும் பார்த்து, அதே அளவுக்கு மாற்றி எதிரில் எழுதுங்கள். 250 கிராம் பாக்கெட் விலையைக் கிலோ விலையாக நினைத்துவிடுவது எளிதில் நேரும்.

இந்தப் பயிற்சியின் பலன் மொத்தத் தொகை மட்டுமன்று, எது எத்தனை மடங்கு என்பது கண்முன் தெரியும். ஆவின் நீல பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய். சிங்கப்பூரில் ஒரு லிட்டர் பால் 3 வெள்ளியைத் தாண்டும், அதாவது கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. நாளுக்கு ஒரு லிட்டர் பால் வாங்கித் தயிரும் தோய்த்து, மூன்று வேளை காபி குடிக்கும் வீட்டில் பாலுக்கு மட்டும் மாதம் நூறு வெள்ளி போகும். ஆட்டிறைச்சியோ வேறு மாதிரி. சென்னையில் கிலோ 800, 900 ரூபாய் விற்கும்போது, சிங்கப்பூரில் உறைய வைத்த இறைச்சி ஏறக்குறைய அதே விலைக்குக் கிடைக்கும். ஐஃபோன் போன்றவை பெரும்பாலும் அங்கே மலிவு. பொதுவாகச் சொன்னால், கப்பலில் ஏற்றி எங்கும் கொண்டுபோகக்கூடிய பொருளின் விலை இரண்டு ஊரிலும் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடாது. இடமும் மனித உழைப்பும் சேர்ந்தவைதான் பன்மடங்காகும். அரசு வேண்டுமென்றே விலையேற்றி வைத்திருப்பவை மூன்றாம் வகை. சிகரெட் ஒரு பாக்கெட் 15 வெள்ளி அளவில் விற்கிறது. புகைப்பவர் தம் கணக்கில் அதற்கென்று தனி வரி போட்டுக்கொள்ளட்டும்.

பொன்னி அரிசி, இட்லி அரிசி, உளுந்து, புளி, நல்லெண்ணெய் எல்லாம் லிட்டில் இந்தியா எனப்படும் சிராங்கூன் சாலை, தேக்கா வட்டாரத்தில் தாராளமாகக் கிடைக்கும். ஊரிலிருந்து மூட்டை கட்டத் தேவையில்லை. விலையும் நியாயமாகவே இருக்கும். ஆனால் ஈசூனிலோ பொங்கோலிலோ குடியிருப்பவர் வாரந்தோறும் அங்கே போய்வர மாட்டார். பக்கத்துக் கடை விலைதான் அவருடைய உண்மையான விலை.

வெளியே சாப்பிடுவதில் இரண்டு உலகங்கள் உண்டு. சிறு உணவுக் கடைகள் ஒரே கூரையின்கீழ் இருக்கும் உணவங்காடி நிலையத்தில் ஒரு வேளைச் சாப்பாடு 4 முதல் 7 வெள்ளிக்குள் முடிந்துவிடும், தேநீர் ஒன்றரை வெள்ளியைச் சுற்றி இருக்கும். குளிரூட்டிய உணவகத்தில் பட்டியலிலுள்ள விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், 10 சதவீதச் சேவைக் கட்டணமும் அதன்மேல் 9 சதவீதப் பொருள் சேவை வரியும் சேரும். 20 வெள்ளி என்று போட்டிருப்பது 23 வெள்ளி 98 காசாக வரும். இந்த வரி 2023-இல் 8 சதவீதமாகவும் 2024 ஜனவரி 1 முதல் 9 சதவீதமாகவும் உயர்ந்தது. எனவே அதற்கு முந்தைய விலைப் பட்டியல்களை அப்படியே நம்ப வேண்டாம்.

மின்சாரம், தண்ணீர், போக்குவரத்து

மின்கட்டணம் அண்மை ஆண்டுகளில் யூனிட்டுக்கு 30 காசை ஒட்டியே இருந்துவருகிறது. இலவச யூனிட் எதுவும் கிடையாது. மணிக்கு முக்கால் யூனிட் இழுக்கும் ஓர் ஏசியை இரவு எட்டு மணி நேரம் ஓட்டினால் மாதம் 180 யூனிட், வரியோடு ஏறத்தாழ 59 வெள்ளி. ஆண்டு முழுதும் ஒரே வெப்பம் என்பதால், மார்கழியில் ஏசியை அணைத்துவிடலாம் என்ற சென்னைக் கணக்கு அங்கே செல்லாது. தண்ணீர்க் கட்டணம் 2025 ஏப்ரல் முதல், மாதம் 40 கன மீட்டர் வரை, ஒரு கன மீட்டருக்கு 3.24 வெள்ளி. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பதால் கணக்கில் கேன் தண்ணீருக்கான வரியை அடித்துவிடலாம்.

பேருந்தும் பெருவிரைவு ரயிலும் தூரத்துக்கேற்பக் கட்டணம் பெறுபவை. ஒரு பயணத்துக்கு ஒன்றேகால் வெள்ளியை ஒட்டித் தொடங்கி இரண்டரை வெள்ளியைச் சுற்றி முடியும். கார் வேண்டும் என்பவர் முதலில் பத்தாண்டு வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சான்றிதழே 1,06,000 வெள்ளிக்குப் போனது. காரின் விலை இதற்கு மேல். புதிதாக வருவோர் இந்த வரியை வெறுமையாக விட்டுவிடலாம்.

வாழ்க்கைத் துணை, பிள்ளைகள், மருத்துவம்

குடும்பத்தோடு போகிறவருக்கு இந்தப் பகுதி வாடகைக்கு அடுத்த முக்கியம். உயர்நிலைப் பணியாளருக்கான வேலை அனுமதியாகிய எம்ப்ளாய்மென்ட் பாஸ் பெற 2025 ஜனவரி முதல் புதிய விண்ணப்பங்களுக்குக் குறைந்தது 5,600 வெள்ளி மாதச் சம்பளம் வேண்டும், நிதித் துறைக்கும் வயது கூடியவர்களுக்கும் இன்னும் அதிகம். ஆனால் மனைவி அல்லது கணவனையும் பிள்ளைகளையும் சார்ந்திருப்போர் அட்டையில் அழைத்துக்கொள்ள 6,000 வெள்ளி நிலையான மாதச் சம்பளம் தேவை. பெற்றோரை நீண்டகால வருகை அட்டையில் அழைக்க 12,000 வெள்ளி. 5,800 வெள்ளிக்குக் கையெழுத்திட்ட பிறகு இதைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை.

சார்ந்திருப்போர் அட்டையில் வருபவர் வேலைக்குப் போக, 2021 மே முதல், தமக்கென்று தனி வேலை அனுமதி பெற வேண்டும். அதாவது இங்கே இருவர் சம்பாதித்த குடும்பம் அங்கே சில காலமாவது ஒருவர் சம்பளத்தில் ஓட வேண்டியிருக்கும். இங்குள்ள மொத்தக் குடும்ப வருமானத்தை அங்குள்ள ஒற்றைச் சம்பளத்தோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

அரசுப் பள்ளியில் வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு இடம் உறுதியில்லை. கிடைத்தாலும் குடிமக்களுக்குரிய கட்டணம் அவர்களுக்கு இல்லை. ஆசியான் நாட்டவர் அல்லாதவர்க்குத் தொடக்கப் பள்ளிக் கட்டணமே மாதம் ஆயிரம் வெள்ளியை ஒட்டி வரும், ஆண்டுதோறும் ஏறியும் வருகிறது. இந்தியப் பாடத்திட்டப் பன்னாட்டுப் பள்ளிகள் அதற்கும் மேல். மருத்துவத்திலும் இப்படியே: அரசு மருத்துவமனையில் மானியம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். நடுத்தரத் திறன் பணிக்கான எஸ் பாஸ், உடலுழைப்புப் பணிக்கான வொர்க் பெர்மிட் உள்ளவர்களுக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பது முதலாளியின் கடமை, எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நிறுவனம் தருகிற காப்பீடு குடும்பத்தையும் சேர்த்ததா, மகப்பேற்றுக்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தரவரிசைகளை எவ்வளவு நம்பலாம்?

'உலகிலேயே செலவு மிகுந்த நகரம் சிங்கப்பூர்' என்று ஆண்டுக்கு ஒருமுறை செய்தி வரும். அந்தப் பட்டியல்கள் நிறுவனங்கள் தம் உயரதிகாரிகளை நாடுவிட்டு நாடு அனுப்பும்போது பயன்படுத்துவதற்காக எழுந்தவை. சிங்கப்பூர் மேலே நிற்பதில் காருக்குப் பெரிய பங்கு உண்டு. ரயிலில் போய் உணவங்காடியில் சாப்பிடுபவருக்கு அந்த எண் பொருந்தாது. நம்பியோ (Numbeo) போன்ற இணையதளங்களில் பயனர்களே விலைகளைப் பதிகிறார்கள், நியூயார்க்கை 100 என்று வைத்து மற்ற ஊர்களை அளக்கிறார்கள். முதல் பார்வைக்கு உதவும், அதற்கு மேல் பாரம் ஏற்ற வேண்டாம்.

உலக வங்கி வெளியிடும் வாங்கும் திறன் எண்ணைக் கொண்டு பார்த்தால், ஒரு வெள்ளி சிங்கப்பூரில் வாங்கித் தருவதை இந்தியாவில் ஏறத்தாழ 25 ரூபாய் வாங்கித் தரும். சந்தை மாற்று விகிதமோ அறுபது ரூபாய்க்கு மேல். இந்த எண் நாட்டின் மொத்தப் பொருளாதாரத்துக்கானது, உங்கள் வீட்டுக்கானது இல்லை. ஆனால் 6,500 வெள்ளியை 66-ஆல் பெருக்கிப் பார்த்தவர் 25-ஆலும் ஒருமுறை பெருக்கிப் பார்க்கலாம்: ஒரு லட்சத்து 62 ஆயிரம்.

எல்லாவற்றையும் கூட்டினால்

அதே 6,500 வெள்ளிச் சம்பளத்தில் இரண்டு மாதிரிக் கணக்குகளைப் பார்ப்போம். தனியாகச் சென்று, சமையலுக்கு இடம்கொடுக்கும் அறை எடுப்பவருக்கு: வாடகை 1,100, சாப்பாடு 600, பயணம் 120, கைபேசி 20, வரிக்கு ஒதுக்குவது 260, காப்பீடும் மருந்தும் 80, ஊருக்குப் போய்வர மாத ஒதுக்கீடு 100, இதர செலவு 250. மொத்தம் 2,530. மிச்சம் 3,970 வெள்ளி. இதை 66-ஆல் பெருக்குங்கள், இரண்டரை லட்சத்துக்கு மேல் வரும்.

வேலைக்குப் போகாத மனைவியோடும் தொடக்கப் பள்ளிக் குழந்தையோடும் செல்பவருக்கு: வாடகை 3,000, மின்சாரமும் தண்ணீரும் 180, கைபேசிகளும் இணையமும் 80, மளிகை 700, வெளிச்சாப்பாடு 300, பயணம் 220, பள்ளி 1,000, காப்பீடும் மருத்துவமும் 200, குடும்பக் கழிவுகள் போக வரி 230, மூவரின் ஊர்ப் பயணத்துக்கு 250, இதர செலவு 300. மொத்தம் 6,460. மிச்சம் 40 வெள்ளி.

இரண்டும் ஒரே வேலைக் கடிதம். இந்தக் குடும்பத்தலைவர் இங்குள்ள வீட்டுக் கடன் தவணையை எதிலிருந்து கட்டுவார் என்ற கேள்விக்கு அந்த 40 வெள்ளியில் விடை இல்லை. முதல் ஆறு மாதம் தனியாகச் சென்று, உண்மையான செலவைப் பார்த்துவிட்டுக் குடும்பத்தை அழைப்பதையே நான் பரிந்துரைப்பேன். மனம் ஒப்பாத யோசனைதான், ஆயினும் பள்ளி ஆண்டின் நடுவில் இடம்பெயர்வதையும் அது தவிர்க்கும். உங்கள் தாளில் இந்த எண்களை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டாம், ஒவ்வொரு வரியிலும் நீங்கள் தேடிக் கண்டதை எழுதுங்கள். பிறகு வாடகை 10 சதவீதம் கூடினால் என்ன, மாற்று விகிதம் ஐந்து ரூபாய் இறங்கினால் என்ன என்று இருமுறை போட்டுப் பாருங்கள்.

கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறைகளுக்கு வொர்க் பெர்மிட்டில் செல்பவர்களின் கணக்கு வேறு. தங்குமிடத்தை முதலாளி பார்த்துக்கொள்வதால் மாதச் செலவு குறைவு. கடனில் மூழ்கடிப்பது ஊரில் முகவருக்குக் கொடுக்கும் தொகை. சிங்கப்பூர்ச் சட்டப்படி அங்குள்ள வேலைவாய்ப்பு முகவர், ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளமே தொழிலாளியிடம் வாங்கலாம். ஊர் முகவர் கேட்பது அதற்குப் பல மடங்காக இருக்கும். விமானம் ஏறும் முன், வேலை அனுமதிக்குச் சிங்கப்பூர் அரசு முன்கூட்டித் தரும் கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதத்தைக் கையில் வாங்கி, அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் ஆகியவற்றைப் படித்து, பிடித்தம் போன அடிப்படைச் சம்பளத்தால் முகவர் தொகையை வகுத்துப் பாருங்கள். எத்தனை மாத உழைப்பு அந்தக் கடனுக்கே போகும் என்பது தெரிந்துவிடும். மிகைநேரச் சம்பளத்தை அதில் சேர்க்காதீர்கள், அது கிடைத்தால் உண்டு.

முதல் சம்பளம் வரும்வரை

மாதக் கணக்கு சரியாக வந்தாலும், தொடக்கத்தில் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போகும் தொகையைத் தனியே போட வேண்டும். 3,000 வெள்ளி வாடகையில் ஈராண்டு ஒப்பந்தம் என்றால், முதல் மாத வாடகை 3,000, முன்பணம் 6,000, முத்திரைத் தீர்வை 288. முகவர் கட்டணம் பேச்சைப் பொறுத்தது, ஒரு மாத வாடகை வரை போகலாம். மின்சார, தண்ணீர் இணைப்புக்கு வைப்புத்தொகை உண்டு. வீடு அமையும்வரை இரண்டு மூன்று வாரம் விடுதியில் தங்க வேண்டும். குறுகிய காலத்துக்கு வீட்டை வாடகைக்கு விடுவது சட்டத்துக்குப் புறம்பு என்பதால், மலிவாகக் கிடைக்கும் ஏர்பிஎன்பி அறைகளை நாடுவது ஆபத்து. விமானக் கட்டணம், பாத்திரம், மெத்தை எல்லாம் சேர்த்தால் முதல் மாதத்தில் 15,000 வெள்ளி வரை கரைந்துவிடும். அது ஏறத்தாழ பத்து லட்சம் ரூபாய். இந்தப் பணத்தைச் சேமிப்பிலிருந்து எடுப்பதா, கடன் வாங்குவதா என்பதைப் பொறுத்து முதல் ஆண்டின் மிச்சமே மாறும்.

ஆகவே சம்பளத்தைப் பேசும்போதே, விமான டிக்கெட், முதல் மாதத் தங்குமிடம், குடியேற்றப்படி, குடும்பத்துக்கான காப்பீடு ஆகியவற்றில் எதை நிறுவனம் ஏற்கும் என்று கேளுங்கள். மாதச் சம்பளத்தில் 200 வெள்ளி கூட்டித் தர மறுக்கும் நிறுவனங்கள்கூட ஒருமுறைச் செலவாகச் சில ஆயிரம் வெள்ளி தரத் தயங்குவதில்லை. அதில் எந்தப் பகுதி, ஓராண்டுக்குள் வேலையை விட்டால் திருப்பித் தர வேண்டியது என்பதையும் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொண்ட பிறகே இங்குள்ள வேலையில் ராஜினாமாக் கடிதம் கொடுங்கள்.